மாமனார் பெயரைச் சொன்ன நாள்

செஞ்சிக் கடைத்தெருவில் என் கணவரின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஓணான் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கல்யாணமாகி, தளவானூரிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்றைக்கே ஒருவன் இன்னொருவனிடம், "இதான்டா ஓணான் பொண்டாட்டி" என்றான். அன்று முதல் ரேஷன் கடை வரிசையிலும் எனக்கு அதுதான் பெயர். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பட்டத்தைச் சூட்டியது வேறு யாருமில்லை, என் மாமனார்தான். பள்ளிக்கூட வயதில் நீண்ட கழுத்தும் ஒல்லி உடம்புமாக இருந்த மகனை, ஏதோ கோபத்தில் நடுத்தெருவில் வைத்து "டேய் ஓணான்" என்று கத்தியிருக்கிறார். அவர் மறுநாளே மறந்துவிட்டார். ஊர் மறக்கவில்லை.

எனக்குப் பையன் பிறந்தபோது, அறுபதுகளின் நடுவில், பெயர் தேடுவதே கணவருக்கு வேலையாகிவிட்டது. தாய்வீட்டில் இருந்த என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், ஒவ்வொரு பெயரையும் கடைத்தெருப் பயல்கள் எப்படி வெட்டுவார்கள், எப்படி இழுப்பார்கள் என்று தானே கத்திப் பார்ப்பார். புது மோஸ்தர் பெயர்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில், "நைனா பேரையே வெச்சிடலாம். பழைய பேரு. அதுல வாய வைக்க எவனுக்கும் தைரியம் வராது" என்றார். அது உண்மைதான். என் மாமனார் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற ஊர் அது.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அதே பெயருள்ள சாமியைக்கூட நான் "மலைமேல இருக்கிற சாமி" என்றுதான் சொல்லிவந்தேன்.

"அப்ப நான் எப்பிடிக் கூப்புடறது?"

"நீ தம்பின்னு கூப்புடு" என்றார், சாதாரணமாக.

நாள் முழுக்கப் பிள்ளையோடு கிடக்கப்போகிறவள் நான். நானே பெயரைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? வாயில் வந்ததைச் சொல்லி ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள், அதில் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பினேன். பெயர் வைக்கிற அன்று காலையில் வந்த நாத்தனார் அவனைத் தூக்கியதுமே, "யப்பா, இன்னா கனம்! உருண்ட!" என்று கொஞ்சினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மதியத்துக்குள் வந்திருந்த பெண்கள் வாயிலெல்லாம் உருண்டைதான்.

முறைப்படி நாத்தனார்தான் தொட்டிலில் குனிந்து பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். அத்தோடு சரி. இலை போடும் நேரத்தில் பிள்ளை வீறிட்டான்.

"உருண்ட அழுவுது பாரு, எடுங்க" என்றார் நாத்தனார்.

கூடம் சிரித்தது. சாப்பிட வந்திருந்த பக்கத்துக் கடைக்காரன், "உருண்டையா? நல்லா இருக்குதே பேரு" என்றான். கடைத்தெருவுக்குப் போய்ச் சேர அவன் ஒருவன் போதும். கணவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர் என்றைக்குமே பேசியதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முறையாவது ஒன்றாவது! தொட்டிலருகே போய் நின்று, பிள்ளையின் பெயரை முழுதாக, வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

நாத்தனார் கையில் கரண்டி அப்படியே நின்றது. நாற்காலியில் இருந்த மாமனார் மெல்லத் திரும்பினார்.

"யாரக் கூப்ட்ட?"

"எம் புள்ளயத்தான் மாமா. அவன யாரும் உருண்டன்னு கூப்புடக் கூடாது."

என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் மகனைப் பார்த்தார். கையில் வாழை இலைகளோடு, அந்த நீண்ட கழுத்தைக் குனிந்துகொண்டு என் கணவர் நின்றிருந்தார். மாமனார் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சத்தமா கூப்புடும்மா" என்றார் பிறகு. "கடத்தெரு வரைக்கும் கேக்கட்டும்."

கூப்பிட்டேன். முதல் முறை நடுங்காத குரல் அப்போது நடுங்கியது.