நான்காம் மாடியில் ஒரு பண்ணை வீடு

சைக்கிள் சங்கிலியை மடித்துப் பிடித்துக்கொண்டு ரோலண்ட் அலமாரியை அடிக்கிறார். புது அலமாரி. போன வாரம்தான் அட்டைப் பெட்டியில் வந்தது. அவரே திருகு முடுக்கி நிமிர்த்தினார். அடித்த இடத்தைக் குனிந்து பார்க்கிறார், விரலால் தடவுகிறார், தள்ளி நின்று கண்ணைச் சுருக்குகிறார். வயது போதவில்லை. இன்னோர் அடி. பிறகு தடித்த ஊசியொன்றை எடுத்து, மரப்பூச்சி அரித்தது போல் ஓட்டைகள் குத்துகிறார். பூச்சி வரிசை பார்த்து அரிக்காது என்பதால் இந்த வேலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

கீழ் வீட்டு லில்லெமூர் பால்கனியிலிருந்து தலையை நீட்டுவார்.

"ரோலண்ட், இன்னைக்கு யாரை அடிக்கிறே?"

"அலமாரியைத்தான்."

"என்ன தப்பு பண்ணுச்சு, பாவம்?"

"புதுசா இருக்கு."

ஸ்வீடனில் பூரோஸ் நகரத்து லிஃப்ட்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது ரோலண்டின் வேலை. அதில் படு கறார். இரும்புக் கயிற்றில் ஒரு நூல் பிரிந்திருந்தால் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார். எட்டாம் மாடிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் இரங்க மாட்டார். மாலையில் வீடு வந்ததும் கோட்டைக் கழற்றி, மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. காலையில் நூலளவு தேய்மானத்துக்குச் சீல் வைத்தவர், மாலையில் ஒரு கால் இல்லாத முக்காலியைக் கட்டிப்பிடிக்காத குறையாகத் தூக்கி வைத்துச் சொல்வார்: "இதுக்கு உசிரு இருக்கு."

அவரைப் பொறுத்தவரை உலகத்துச் சாமான்கள் இரண்டே வகை. உசிரு உள்ளது, உசிரு இல்லாதது. துரு, கீறல், கோழி எச்சம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உசிரு உண்டு. மின்சாரக் கம்பி இருந்தால் இல்லை. அதனால் ஃப்ரிட்ஜ் பலகைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. டிவியைக் கீல் வைத்த பெட்டிக்குள் அடைத்துவிட்டார். ஐஸ் ஹாக்கி பார்க்க வேண்டுமானால் மாதா கோயில் பீடத்தைத் திறப்பது போல் இரண்டு கதவுகளையும் மெதுவாக விரிப்பார். ரிமோட் வெண்ணெய்த் தொட்டிக்குள் கிடக்கும். மைக்ரோவேவை எங்கே ஒளித்தார் என்பது சில நாள் அவருக்கே மறந்துவிடும்.

கூரையில் குறுக்கே கறுத்த உத்தரங்கள் ஓடுகின்றன. கான்கிரீட் தளத்தில் நிஜ மரத்தைத் தொங்கவிடக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கவில்லை. எனவே தெர்மாகோலை வெட்டி, பழுப்பு வண்ணம் பூசி ஒட்டியிருக்கிறார். விருந்தாளி யாராவது கையை நீட்டித் தட்டப் போனால் பதறிவிடுவார். "தட்டாதீங்க, ரொம்பப் பழசு!" பாத்திரத் தொட்டிக்குக் கீழே மூடி திறந்த தார் டப்பா ஒன்று நிரந்தரமாக இருக்கிறது, பழைய மர வீட்டு வாசனைக்காக. அதை வைத்த முதல் வாரம், தெருவுக்குத் தார் போடுகிறார்கள் என்று நினைத்து லில்லெமூர் தன் காரை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறைக் கதவு. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கழிப்பறை தோட்டத்துக் கோடியில் தனியாக நிற்கும். கதவில் காற்றுக்காக இதய வடிவில் ஓர் ஓட்டை வெட்டியிருப்பார்கள். ரோலண்டும் வெட்டினார். பண்ணையில் அந்த ஓட்டை பிர்ச் மரங்களைப் பார்த்திருக்கும். இங்கே சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறது. அவருடைய மனைவி அன்னெலி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையை அந்த ஓட்டைக்கு மேல் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அன்னெலி பஸ் ஓட்டுகிறார். அந்தச் சட்டை இருட்டிலும் மின்னும்.

பண்ணையில் பிறந்தவர் அன்னெலிதான். ரோலண்ட் பிறந்ததே லிஃப்ட் வைத்த கட்டடத்தில். இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் அவருடைய ஒரே ஓர் ஆசை: அன்னெலி ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, "எங்க வீடு மாதிரியே இருக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் சில ஆண்டுகளாக மரம் இழைத்துக்கொண்டிருந்தார்.

இதன் தொடக்கம் ஒரு மதியம். அன்னெலியின் அம்மா இறந்த பிறகு, பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஏவெர்ட் பழைய சமையலறையை அப்படியே பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருந்தார். பளபளவென்று வெள்ளை அலமாரிகள், கைப்பிடிகூட இல்லாதவை, தொட்டால் திறப்பவை. அதைப் பார்க்க இருவரும் போயிருந்தார்கள். வாசற்படியில் நின்ற அன்னெலி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். முப்பது வருடக் குடித்தனத்தில் அன்னெலி அழுது ரோலண்ட் பார்த்ததில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்க மாட்டார்கள். அழுகிறவரை அழவிட்டு, ஒரு கோப்பை காபியை அருகில் வைத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்பார்கள். ரோலண்ட் காபி வைத்தார். மழையைப் பற்றியும் சொன்னார். திரும்பி வரும் வழியில், காரை ஓட்டியபடியே, அந்தப் பழைய சமையலறையை அன்னெலிக்கு மீட்டுக் கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டார்.

ஏவெர்டின் கொட்டகை அவருக்குச் சுரங்கமாயிற்று. ஏவெர்ட் வீட்டில் மாட்டில் பால் கறப்பது இயந்திரம்; மாடு எங்கே நிற்கிறது என்று கட்டிலில் படுத்தபடி போனில் பார்ப்பார். கொட்டகையில் கிடந்ததெல்லாம் அவருக்குக் குப்பை.

"மச்சான், இந்தப் பால் கேனை எடுத்துக்கவா?"

"எடுத்துக்க மாப்ளே, எடுத்துக்க. அதுல எலி குட்டி போட்டிருக்கும், பாத்துக்க."

"உசிரு இருக்கு!"

"அதான் சொல்றேன்."

ஏவெர்ட் விரைவிலேயே நுணுக்கம் கற்றுக்கொண்டார். முழு நாற்காலியை மாப்பிள்ளை திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு காலை உடைத்து மூலையில் போட்டுவைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கொஞ்சம் காலியாகும்.

அன்னெலி ஒரே ஒரு எல்லைக்கோடு போட்டிருந்தார். கழிப்பறைக் கதவு விவகாரம் முடிந்த வாரம், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி நிதானமாகச் சொன்னார்: "எதை வேணா மாத்திக்க ரோலண்ட். சுவத்துல மாட்டுக் கொம்பு மாட்டு. ஆனா பாத்திரம் கழுவுற மெஷின்ல கை வெச்சே, நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

ரோலண்ட் சிரித்தார். அன்னெலி சிரிக்கவில்லை. கத்தியை நக்கிவிட்டு அந்த மெஷினுக்குள்ளேயே வைத்தார்.

ஒரு நவம்பரில் ஏவெர்ட் போன் செய்தார். வைக்கோலுக்கு அடியில் பழைய சமையலறைப் பெஞ்சு அகப்பட்டிருக்கிறது என்றார். பகலில் உட்காரும் பெஞ்சு. இரவில் அடிப்பக்கத்தை இழுத்தால் கட்டில். அன்னெலி சிறுவயதில் தூங்கியது அதில்தான். ரோலண்டுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. சமையலறையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். பெஞ்சு ஒரே இடத்தில்தான் பொருந்தும். அந்த இடத்தில் மெஷின் நின்றது. அவர் நெடுநேரம் யோசித்தார் என்று சொல்லிவிட ஆசைதான். யோசிக்கவில்லை. அந்தப் பெஞ்சைப் பார்த்தவுடன் அன்னெலிக்கு மெஷினின் நினைப்பே வராது என்று அவர் மனதார நம்பினார்.

அன்னெலிக்குக் காலைப் பணி இருந்த சனிக்கிழமை, மெஷினின் குழாயைக் கழற்றி அடைத்து, அதை மாடிப்படி முகப்புக்குத் தள்ளிவைத்தார். பெஞ்சோடு ஏவெர்ட் வந்தார். லிஃப்ட்டில் அது ஏறவில்லை. நகரத்து லிஃப்ட்டுகளின் அளவெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ரோலண்ட், தன் வீட்டு லிஃப்ட்டை அளக்க மறந்திருந்தார். படி வழியே தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெஞ்சின் மூலை சுவரைச் சுரண்டியது.

"மெதுவா மச்சான், கீறிரப் போவுது!"

"கீறினா நல்லதுதானே மாப்ளே? நீ சங்கிலியால அடிக்கிறதை நான் சும்மா செஞ்சு தரேன்."

மூன்றாம் மாடியில் லில்லெமூர் கதவைத் திறந்தார். பெஞ்சைப் பார்த்தார். மேலே எட்டி, முகப்பில் நின்ற வெள்ளை மெஷினையும் பார்த்தார்.

"அன்னெலிக்குத் தெரியுமா?"

"ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"இருக்கும்" என்றார் லில்லெமூர். கதவைச் சாத்தவில்லை. ஒரு விரல்கடை திறந்தே வைத்துக்கொண்டார்.

பெஞ்சை நடைக்குள் இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் வந்து நின்றது. அன்னெலி பஸ் சீருடையில் வெளியே வந்தார். மெஷினைப் பார்த்தார். அதன் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு உள்ளே வந்து பெஞ்சைப் பார்த்தார். ரோலண்ட் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை இதோ வரப்போகிறது.

"எங்க வீடு மாதிரியே இருக்கு" என்றார் அன்னெலி.

குரலில் மகிழ்ச்சி இல்லை. ரோலண்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உனக்காகத்தான் அன்னெலி. அன்னைக்கு நீ அழுதியே..."

"ஏன் அழுதேன்னு நினைச்சே?"

"பழைய சமையலறை போயிருச்சேன்னு."

அன்னெலி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். கோட்டின் பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை.

"இந்தப் பெஞ்சில படுத்துக்கிட்டு நான் தினம் கேட்ட சத்தம் என்ன தெரியுமா? எங்கம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம். எல்லாரும் தூங்கின அப்புறமும் தேய்ப்பா. குளிர்காலம் பூரா கை வெடிச்சு ரத்தம் கசியும். மெஷின் ஒண்ணு வாங்கலாமான்னு அப்பாகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டா. அவர் சிரிச்சாரு. 'ரெண்டு கை இருக்கே, அது எதுக்கு'ன்னாரு. அம்மாவும் கூடச் சிரிச்சா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அவ செத்து ரெண்டே மாசத்துல இவன் புதுச் சமையலறையில மெஷின் பட்டனை அமுக்கி எனக்கு வேடிக்கை காட்டுறான்."

ஏவெர்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இருக்கிற வரைக்கும்தான் முடியல. அவர் போன அப்புறமாவது நான் செஞ்சிருக்கலாம்" என்றார். "செய்யல."

"நீ செய்யல" என்றார் அன்னெலி. கோபமில்லாமல்தான் சொன்னார்.

ரோலண்ட் மனைவி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே. காபி குடுத்தே." அன்னெலி சற்று யோசித்தார். "காபி நல்லாத்தான் இருந்துச்சு."

கீழே லில்லெமூரின் கதவு மெல்லச் சாத்தப்படும் ஓசை கேட்டது. ஏவெர்ட் எதுவும் கேட்காமல் வெளியே போய், மெஷினைத் தன்னந்தனியாகக் கட்டிப்பிடித்து, தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அங்கிருந்து குழாய்ச் சாவியின் சத்தமும், முழங்கால் இடித்துக்கொண்டவர் விடும் வசவும் வந்தன.

"நான் லில்லெமூர் வீட்ல கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்" என்றார் அன்னெலி. "அவ வீடு சூடா இருக்கும்."

"இங்கயும் சூடுதானே?"

"ரோலண்ட், வீட்டுக்குள்ள நான் கோட்டைக் கழட்டி ரெண்டு குளிர்காலம் ஆகுது. நீ பாக்கல?"

ரோலண்ட் நிமிர்ந்து பார்த்தார். கூடத்து ஜன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை மறைத்து அவர் அடித்திருந்த பலகைப் பெட்டி இருந்தது. அவருடைய வேலைப்பாடுகளிலேயே சிறந்தது. விதவிதமான பழைய பலகைகளைப் பொறுக்கி, ஆணித்தலை தெரியாமல் இழைத்தது. மேலே ஒரு மண் சாடியில் காய்ந்த கோதுமைக் கதிர்.

அவர் சாடியை இறக்கித் தரையில் வைத்தார். மரச்செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். திருப்புளியால் முதல் பலகையை நெம்பினார். அது வரவில்லை, நன்றாகத்தான் அடித்திருந்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் பலகை நடுவில் பிளந்துகொண்டு வந்தது. அடுத்ததும் பிளந்தது. உள்ளே வெள்ளை இரும்பு, வரிவரியாக, தூசி படிந்து தெரிந்தது. அவர் குமிழைக் கடைசி வரை திருகினார். தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். உள்ளங்கையை இரும்பின் மேல் வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கையை எடுக்காமலே மண்டியிட்டபடி ஒரு பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.