மாமனாரின் மூச்சுக்கோடு

"முன்னூத்தி பத்துமா."

காலையில் என் அறை வாசலில் நின்று மாமா சொல்லும் முதல் சொல் இதுதான். அவர் கையில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். மூச்சை நன்றாக இழுத்து ஒரே வேகத்தில் அதில் ஊதினால், பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு முள் நகர்ந்துபோய் ஓர் எண்ணில் நிற்கும். இளைப்பு நோய்க்காரர்கள் தினமும் மூன்று முறை ஊதி அந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமா கூடத்தில் உட்கார்ந்து ஒரு முறை ஊதுவார், எழுந்து வந்து எண்ணைச் சொல்வார், திரும்பிப் போய் மறுபடியும் ஊதுவார். மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொன்னதில்லை, நானும் அப்படிச் சொல்லும்படி கேட்டதில்லை. அந்த வீட்டில் அந்நாட்களில் எங்களுக்குள் இருந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

மாமா என்று நான் கூப்பிட்டது என் மாமனாரை. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவரும் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட, பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். தென்னேரியில் இருக்கும் என் அண்ணன் வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை. போனால் இவர் தனியாக இருப்பாரே என்று நினைத்தேன். இவளுக்காக இந்த வீட்டை விற்காமல் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். எதைப் பேச ஆரம்பித்தாலும் அது இறந்தவரிடம் போய் முடிந்துவிடுமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. அதனால் பேசாமலே பழகிக்கொண்டோம். எண்களில் மட்டும் அந்தப் பயம் இல்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மருந்துச் சோதனைகளின் தரவுகளை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஓட்டிச் சரிபார்ப்பது. நிரலை எழுதுகிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்கள் எழுதியதை ஓட்டி, பிழை இருந்தால் சொல்வதுதான் என் பங்கு. நானாக உட்கார்ந்து முதல்முதலில் எழுதிய நிரல் மாமாவின் மூச்சுக்காகத்தான். மருந்து கொடுத்தும் அவருடைய இளைப்பு சில நாட்களில் திடீரென்று கூடியது. ஏன் என்று மருத்துவருக்குப் பிடிபடவில்லை. சாம்பிராணி போடுகிறீர்களா, பக்கத்தில் தறி ஓடுகிறதா, பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டுப் பார்த்தார். மாமா தினமும் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டிவைத்திருந்த எண்களை ஒரு படமாகப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று தோன்றியது.

ஒவ்வொரு நாளாக எடுத்து, அன்றைய மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும்படி, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் ஒரு லூப் எழுதினேன். மாமாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஓட்டினால் திரையில் ஒரே ஓர் எண் வந்து நின்றது. முந்தைய நாளின் எண்.

"மத்ததெல்லாம் எங்கமா போச்சு?" என்றார்.

"ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு போட்டிருக்குது மாமா. ஆனா புதுசு வந்ததும் பழசை அழிச்சிட்டு அதே இடத்துல வெச்சிக்கினு போயிருக்குது. கடைசிதான் மிச்சம்."

"அவ்ளோவும் கஷ்டப்பட்டு ஊதனதுமா" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. லூப் தொடங்கும் முன்பே, எத்தனை நாட்களோ அத்தனை காலி இடங்களோடு ஒரு வரிசையை உண்டாக்கி வைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளின் விடையையும் அந்தந்த நாளுக்கான இடத்தில் போட்டுக்கொண்டே போகலாம், எதுவும் அழியாது. அப்படி மாற்றி எழுதி, வரிசையை அப்படியே படம் வரையும் பிளாட் கட்டளைக்குக் கொடுத்தேன். திரையில் ஒரு நீலக்கோடு விரிந்தது. மாமா முன்னால் குனிந்து பார்த்தார்.

"இது நானாமா?"

"உங்க மூச்சு மாமா."

கோடு சமமாகப் போய்த் திடீரென்று பள்ளத்தில் விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. பள்ளங்களுக்கு இடையே ஓர் ஒழுங்கு இருப்பதுபோல் தெரியவே, கிழமைகளைக் கீழே எழுதும்படி ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். செவ்வாயிலும் வெள்ளியிலும்தான் பள்ளங்கள் விழுந்திருந்தன. காலையில் ஊதும் எண் என்பதால் காரணம் முந்தைய நாளில்தான் இருக்க வேண்டும். "திங்களும் வியாழனும் எங்க மாமா போறீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய் வூட்டுக்கு" என்றார்.

பாய் என்பவர் அவருடைய நண்பர், பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஒரு காலத்தில் நூல் மூட்டையோடு மாமாவின் பேருந்தில் ஏறி இறங்கிப் பழக்கமானவர். மற்ற நாட்களில் நூலைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார். திங்களும் வியாழனும்தான் கொப்பரையில் சாயம் காய்ச்சிக்கொண்டு ஒரே இடத்தில் இருப்பார். அந்த ஆவிக்கும் ஆசிட் நெடிக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மாமா மதியம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மருத்துவர் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கைகொடுத்தார். இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தார் மாமா. வந்தவர் சொன்னபடியே பாய் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அதன்பின் வாராவாரம் புதிய எண்களைச் சேர்த்து ஓட்டினேன். பள்ளங்கள் மறைந்து கோடு மேலே ஏறிச் சமமானது. அடுத்த முறை மருத்துவர் "சூப்பர்" என்றார். ஆனால் மாமா பகல் முழுக்கக் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. பனியனில் தோள் எலும்பு தெரிந்தது. ஒரு நாள் காலையில் மூன்று எண்களையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். நான் தட்டினேன். அன்றைய எண்தான் அதுவரை வந்தவற்றில் மிகப் பெரியது. கோட்டின் நுனி உச்சியில் போய் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது.

அன்று மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பாய் வீட்டுக்குப் போனேன். கொப்பரையில் அரக்குச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. நெடியில் எனக்கே இருமல் வந்தது. என்னைப் பார்த்ததும் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாமா, அவருக்கு என் மேல கோவமா? நான் எதுனா தப்பா பேசிட்டனா?"

நடந்ததைச் சொன்னேன். "நீங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே பாய்?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "வரணும்னு ரெண்டு தபா தெருமுனை வரிக்கும் வந்தேன்மா. புருசன் இல்லாத பொண்ணு இருக்கிற வூடு. யாருனா எதுனா சொல்லிட்டா? அதான் திரும்பிட்டேன்."

"சொல்றவங்க வந்து அவர்கூட பேசிக்கினு இருப்பாங்களா பாய்? நீங்க வாங்க."

வேலை முடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மறுநாள் சாயங்காலமே பாய் வந்தார். நகக்கண்ணில் மட்டும் அரக்கு ஒட்டியிருந்தது. அறையில் அலுவலகத்தின் இணையவழிக் கூட்டத்தில் இருந்த எனக்குக் கூடத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது. பேருந்தின் முன்வாசல் வரை எட்டிய குரல் அது. நான் அதை மறந்தே போயிருந்தேன். மைக்கை மூட மறந்துவிட்டதால், எங்கள் குழுவில் ஒருவர் "உங்க வீட்ல ஃபங்ஷனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பேச்சில் என் கணவரின் பெயரும் வந்தது. சிறுவயதில் மகன் பேருந்தில் ஏறி, தானே டிக்கெட் கொடுப்பேன் என்று அடம்பிடித்த கதையை மாமா சொல்ல, நான் அறைக்குள் இருந்தபடியே அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு இருவருக்கும் டீ போட்டேன்.

இரண்டு மழைக்காலங்கள் அப்படிப் போயின. மாமாவைக் கொண்டுபோனது இளைப்பு இல்லை. பாய் வந்துபோன ஒரு நாளின் மறுகாலையில் படுக்கையிலேயே முடிந்திருந்தார். மூச்சு நன்றாக இருந்தது, இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். காரியம் முடிந்த பிறகும் பாய் சில வாரங்கள் வந்தார். எதிரே இருந்த நாற்காலி காலியாக இருந்ததால் அவருக்கும் எனக்கும் பேச்சு ஓடவில்லை. பிறகு அவருடைய மகன் ஆம்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது என் நாட்கள் திரைக்கு முன்னால் போகின்றன. கூட்டங்களில்கூட எல்லாரும் மைக்கை மூடிவிட்டு எழுத்தில்தான் பதில் போடுகிறார்கள். போன வியாழக்கிழமை மதியம் போன் அடித்தது. பாய்தான். "சாப்ட்டியாமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னாமா, தொண்ட கட்டிக்கிச்சா? சளியா?"

கனைத்துக்கொண்டேன். "சளி இல்ல பாய். இன்னிக்கு இப்பதான் பேசறேன்."

 

"நான்கூட அப்டிதாம்மா" என்றார் பாய்.