பதிவில் இருந்த மனைவி

என் கணவர் பட்டாளத்துக்காரர். ஓய்வு பெற்று வந்து எத்தனையோ காலமாகியும் இன்னும் போர்வையை மூலைக்கு மூலை சேர்த்துத்தான் மடிப்பார். பெரிய விஷயங்களைச் சின்னக் குரலில்தான் சொல்வார். போன வருடம் அவரோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ஒருவர் தவறிப்போனார். காரியத்துக்குப் போய்விட்டு மோகனூர் திரும்பியவர், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அம்மிணி, நம்ம ரெக்கார்டுல ஒரு சின்னத் திருத்தம் பண்ணோணும்" என்றார். நண்பரின் மனைவி பெயரில் ஏதோ சிக்கல், அந்த அம்மாள் அலைகிறார் என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்.

"என்ன திருத்தமுங்க?"

"சம்சாரம்ங்கற எடத்துல உன்ற பேரு இல்ல."

"பின்னே ஆரு பேரு இருக்குது?"

மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தன் மாமன் மகள் பெயரைச் சொன்னார்.

ரசக் கரண்டி என் கையில் இருந்தது. அதை அவர் தலையில் போடாமல் சட்டியில் போட்டேன். என் பொறுமைக்குச் சாட்சியாக இன்றுவரை அதைத்தான் சொல்லி வருகிறேன்.

அந்த மாமன் மகளை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான முதல் வாரத்திலேயே மாமியார் வீட்டில் நாலு பேர் வந்து சொல்லிவிட்டார்கள், இவருக்கு முதலில் அவளைத்தான் பேசியிருந்தது என்று. அவளை வெண்ணந்தூரில் கொடுத்திருந்தது. நல்ல உயரம். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். விசேஷ வீடுகளில் அவள் வந்து நின்றால் நான் கட்டியிருக்கும் பட்டுப்புடவை பழசாகிவிடும். முறைப்படி எனக்கு அக்கா. அந்த ஒரு சொல்லை வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்கள் மகனுக்குக் காது குத்தியபோது அவள் வந்தாள். ஊரில் எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாத என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தீர்கள் என்று ராத்திரி கேட்டதற்கு, கால் மரத்துப்போயிருந்தது என்றார். வெண்ணந்தூர் என்று பலகை போட்ட பஸ் எதிரே வந்தால் அவர் தலை தானாகத் திரும்பும். கேட்டால், கூட்டம் இருக்கிறதா என்று பார்த்தாராம்.

ஆக, பொறாமை எனக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை அது என் மனசுக்குள் இருந்தது. நான் வீணாக நினைத்துக்கொள்கிறேன் என்று என்னை நானே திட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. இப்போது சர்க்காரே முத்திரை குத்தி ஆமாம் என்று சொல்லிவிட்டது.

எப்படி நடந்தது என்று அன்று சாயங்காலம் வரை உட்கார வைத்துக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் முடிவானால் இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வார்கள். மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை இன்னார் வீட்டு மருமகள் என்றே ஊர் சொல்லும். இவர் லீவில் வந்திருந்தபோது அவளுக்கும் இவருக்கும் உப்புச் சர்க்கரை மாற்றியிருக்கிறார்கள். முகூர்த்தம் அடுத்த லீவில். திரும்பிப் போன இடத்தில் குடும்பத்தோடு தங்குகிற குவார்ட்டர்ஸுக்கு நீண்ட வரிசை. கல்யாணம் ஆனதாக எழுதிக் கொடுத்தால்தான் வரிசையில் பெயர் ஏறும். இவருக்கு அதில் ஒரு பொய்யும் தெரியவில்லை. உப்புச் சர்க்கரைதான் மாற்றியாயிற்றே! ஊர் மணியக்காரருக்குக் கடிதம் போட்டார். அந்த மனிதர் அன்றைக்குப் பந்தியில் சாப்பிட்டவர். கல்யாணம் ஆனவர்தான் என்று அவரும் தாராளமாகச் சான்று எழுதி அனுப்பிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வருவதற்குள் மாமன் மனசு மாறிவிட்டது. பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று, வெண்ணந்தூரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருந்த வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டார். பிறகு இவருக்கு என்னைக் கட்டி வைத்தார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அதனால் குவார்ட்டர்ஸுக்கு நான் போகவே இல்லை. என் வைத்தியம், என் பென்ஷன் எல்லாம் என் வேலையிலேயே அமைந்துவிட்டது. அவர் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நிலைமை வரவில்லை.

"பையன் பொறந்ததையாவது எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அம்மா பேரு?"

மகன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த குமாஸ்தா, பதிவில் இருந்த மனைவியின் கீழே பிள்ளையைச் சேர்த்துவிட்டார். முழுசாக ஒரு நாள் வலியெடுத்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் நான் பெற்ற பிள்ளை! அவளுக்கு வலியில்லாமல் பிறந்திருக்கிறான். வயிறு எரிந்தது என்று சொல்வது சும்மா சொல்வதில்லை, நிஜமாகவே எரிந்தது.

"எனக்குத் தாலி கட்டுனதுக்கு அப்பறமாவது அவ பேர அடிச்சிருக்கலாமல்லோ?"

"பயம், அம்மிணி. பொய்யா எழுதிக் குடுத்தேன்னு தண்டனை போட்டுருவாங்களோன்னு பயம். அப்பறம் அப்பிடியே போயிருச்சு."

பயம் என்றால் பயம். எல்லையில் காவல் நின்ற மனிதர் ஒரு குமாஸ்தாவுக்குப் பயந்தாராம். நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

நாமக்கல்லில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் விசாரித்தோம். அங்கிருந்தவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். பொறுமையாகக் கேட்டார். எங்கள் கல்யாணப் பதிவு, மகனின் பிறப்புச் சான்று எல்லாம் வைத்து விண்ணப்பம் போடலாம் என்றார். ஆனால் பதிவில் மனைவியாக இருக்கிறவர் உயிரோடு இருப்பதால், தனக்கும் இவருக்கும் கல்யாணமே நடக்கவில்லை என்று அவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் முதல் மனைவி இருக்க இரண்டாவது கட்டினதாகத்தான் அர்த்தமாகும் என்றார். நான் இரண்டாவதாம்.

எனக்குப் பென்ஷன் இருக்கிறது. அவருடைய பென்ஷன் வந்துதான் நான் சாப்பிட வேண்டும் என்றில்லை. ஆனால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால், அவர் உடம்பின்மேல் போர்த்துகிற கொடிகூட அவளுக்குத்தான் சேர வேண்டும் என்று எவனாவது சொல்வான். அவர் கண்ணை மூடுவதற்குள் அவருடைய பெண்டாட்டி நான்தான் என்று அந்தக் காகிதம் சொல்லியாக வேண்டும். அதற்கு அவள் தயவு வேண்டும் என்பதுதான் கொடுமை.

போனில் கேட்டதற்கு அவள் மகன் பிடிகொடுக்கவில்லை. தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், இந்தப் பேச்சு வெளியே வரக் கூடாது என்றான். நான் ராசிபுரம் போய் பஸ் மாறி வெண்ணந்தூருக்குத் தனியாகவே போனேன். அவள் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. வெள்ளைச் சேலையில் வெளியே வந்தாள். வெள்ளைச் சேலையிலும் நன்றாகத்தான் இருந்தாள். அதுவும் எனக்கு ஆகவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"நானு இத்தன நாளா மிலிட்டரிக்காரர் சம்சாரமா? ஒருத்தருஞ் சொல்லவே இல்ல பாரு!"

"கையெழுத்துப் போட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க அக்கா."

"போடறேன் அம்மிணி. என்ற மகன் சொன்னா சொல்லிட்டுப் போறான். ஆனா உன்ற ஊட்டுக்காரர் வந்து கேக்கோணும். உப்புச் சக்கரை மாத்துனாங்க, அப்பறம் ஆகாதுன்னாங்க. ரெண்டுக்கும் என்னைய ஆருங் கேக்கல. இதுக்காச்சும் கேக்கட்டும்."

கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. போகிற அன்று காலையில் முகம் மழித்து, அயர்ன் செய்த சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நின்றார். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாலு தடவை கூப்பிட்டு நான் எழுப்ப வேண்டியிருந்த மனிதர். பார்த்துக்கொண்டேன்.

ராசிபுரத்தில் நோட்டரி வக்கீலையும் காரில் ஏற்றிக்கொண்டோம். அவள் வீட்டு வாசலில் ரிக் லாரி ஒன்று நின்றது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிற சத்தம். காபி கொடுத்தாள். இவருக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். சர்க்கரை வியாதி என்று நான்தான் போன தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றார் இவர். அவளைப் பார்த்துச் சொன்னார்.

"போடறனுங்க மாமா. எழுதுனது செரி. உப்புச் சக்கரை மாத்துனா ஊர் வழக்கம் அப்பிடி, எழுதிப்போட்டீங்க. அதைய ஏன் அடிக்காம உட்டீங்க?"

நான் கேட்ட அதே கேள்வி. பதில் எனக்குத் தெரியும். பயம் என்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். வக்கீல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அவசரமில்லாமல் காத்திருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"பயமுங்க அக்கா. தண்டனை போட்டுருவாங்களோன்னு பயந்துட்டாருங்க" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா அம்மிணி, பயமாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வக்கீல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தனக்கும் இவருக்கும் எப்போதும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை என்பதற்குக் கீழே, நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினாள்.

விண்ணப்பம் வடக்கே பட்டாள ரெக்கார்டு ஆபீஸுக்குப் போனது. இரண்டு முறை விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது, மறுபடி போனது. கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் திருத்திய பதிவு வந்தது. மனைவி என்ற இடத்தில் நான். மகனுக்குத் தாய் என்ற இடத்திலும் நான். ஒரு பிழையில்லை. அவர் என் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டி, "பாத்துக்க, எல்லாஞ் செரியாயிருச்சு" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

பிறகு அவள் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டேன்.

"ஏனுங்க, அதைய ஏன் அடிக்காம உட்டீங்க?"

"அதான் சொன்னேனல்லோ, பயம்னு" என்றார்.

உடனே சொன்னார். கண்ணாடியைக் கழற்றவில்லை.