என் காரை மறித்த என் தூண்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், மண்ணூர்பேட்டையில் சொந்தப் பட்டறை போட்டேன், மாடி வீடு கட்டினேன், பிள்ளைகளை இன்ஜினியராக்கினேன். நகரத்துக் கடைவீதிக்குள் வண்டிகள் நுழையாதபடி நட்டிருக்கும் இரும்புத் தூண்களும் என் பட்டறையில் செய்தவைதான்.

சென்ற மாதம் மனைவிக்குப் புடவை எடுக்க அங்கே போனோம். என் தூணே என் காரை மறித்தது.

“இத செஞ்சதே நான்தாம்ப்பா! ஒண்ண கழட்டி வுடு.”

காவலாளி சிரித்தார். “ஆட்ட முடியாத மாரி செஞ்சி வச்சிட்டு இப்ப கேட்டா எப்டி நைனா? எறங்கி நடந்துகினு போ.”

முணுமுணுத்தபடி இறங்கி நடந்தேன். ஒருமுறை பைக் இடித்து விழுந்ததிலிருந்து, தெருவில் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியே வருபவள் என் மனைவி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் திரும்பிக் கத்த வேண்டும்.

அங்கே ஹாரன் சத்தமே இல்லை. அந்தி வெளிச்சத்தில் கடை விளக்குகள் தண்ணீருக்குள் எரிவதுபோல் மிதந்தன. திடீரென்று என் தோளருகே அவள் குரல்.

“இன்னாய்யா, இவ்ளோ மெதுவா நடக்குற?”

நடுத்தெருவில், கையை வீசிக்கொண்டு, என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். புடவைக் கடையைத் தாண்டிவிட்டோம். நடந்துகொண்டே இருந்தோம்.

வீதி முனைக் கல்வெட்டில் யார் யார் பெயரோ இருக்கிறது. இருக்கட்டும். அந்தத் தூண்களைச் செய்தவன் நான் என்றும் அதில் பொறித்தாக வேண்டும். என் மனைவியை என் பக்கத்தில் நடக்க வைத்த தூண்கள் அவை.