மந்திரி பாவு பிடித்த காலை

“இந்தத் தெரு இன்னா, இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?”

காலை நடையை முடித்து வீட்டுக்குள் நுழையும்போது சுப்பன் ஐயா குடிவந்த புதிதில் தினமும் சொன்னது இதுதான். மகள் அகல்யா காதில் விழாத மாதிரி காபியை நீட்டுவாள். எங்களுடையது எதிர்வீடு. எனக்கும் கேட்கும்.

ஐயாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெம்பாக்கம் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவர். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனார். ஆனால் ஜெயிலில் வாங்கியதைவிடப் பெரிய அடி சொந்த ஊரில் வாங்கினார், செருப்பைக் கழற்றாமல் ஊர்த்தெருவில் நடந்ததற்காக. அப்புறம் எம்.எல்.ஏ. ஆனார், கொஞ்ச காலம் மந்திரியாகவும் இருந்தார். அதில் என்ன சேர்த்தார் என்றால் ஒரு டிரங்குப் பெட்டி, மூட்டுவலி. மனைவி போனபிறகு, ஆரணியில் நர்ஸாக இருக்கும் அகல்யாவோடு 1996-ல் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். வீடு தருவதற்கு வீட்டுக்காரர் ரொம்ப இழுத்தடித்தார். ஏன் என்று தெருவுக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

எங்கள் தெருவில் எல்லாம் தறி வீடுகள். விடிந்தும் விடியாமலும் பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே யார் வந்தாலும் தூரத்திலேயே கத்திவிடுவார்கள், சுற்றிக்கொண்டு போகச் சொல்லி. என் மாமியார் வந்தாலும் அதுதான், போலீஸ் வந்தாலும் அதுதான்.

இதை ஐயாவுக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. வாலிபத்தில் கேட்ட அதே கத்தலைத்தான் கிழவயதிலும் கேட்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் பின்சந்து வழியாகச் சாக்கடையைத் தாண்டிப் போய்வந்தார்.

குடிவந்த சில மாதத்திலேயே ஒருநாள் அகல்யா என்னிடம் வந்து அழுதாள். அப்பா வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போகிறாராம். அங்கே கஞ்சி வைத்துத் தரக்கூட ஆள் இல்லை. இவளோ வேலையை விட முடியாது. நான் நேராகப் போய்க் கேட்டேன். விஷயத்தைச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

“மந்திரியா இருந்தவரு, வாயத் தொறந்து ஏன்னு கேக்கக் கூடாதா?”

“கேட்டுக் கேட்டுத்தாம்மா கிழவனானேன். இங்கயும் மொதல்லேர்ந்தா?”

பாவு வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“செரி, நான் அந்தப் பாவைத் தொட்டா?”

எங்கள் வாசலில் கட்டுவது நெசவாளி சுப்பராயலுவின் பாவு, அதை அவர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க மென்று முழுங்குகிற ஆள் இல்லை நான். மறுநாள் காலையே சுப்பராயலுவிடம், பாவின் கோடிமுனையைப் பிடிக்க ஆள் வரவில்லை என்று புலம்பிக்கொண்டு நிற்கிறீரே, எதிரில் ஒருவர் சும்மாதானே இருக்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அந்த வீட்டைப் பார்த்தார். அவர் அம்மா ஜெயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வாசலில் போய் நின்று கூப்பிட்டார்.

“ஐயா, ஒரு கை குடுங்க. கையக் கழுவினு வாங்க.”

போச்சு என்று நினைத்தேன். இத்தனை வார்த்தை இருக்க அந்த வார்த்தைதானா கிடைத்தது இந்த மனுஷனுக்கு? வாசல்வரை வந்த ஐயா அங்கேயே நின்றுவிட்டார். சுப்பராயலுவுக்கும் உறைத்துவிட்டது. தன் செம்பை எடுத்து முதலில் தன் கையைக் கழுவிக்கொண்டார். அதே செம்புத் தண்ணீரை ஐயா கையில் ஊற்றினார்.

“எண்ணெ பட்டா பட்டுல கறை நிக்கும். யாரா இருந்தாலும் கழுவணும். நானும் தான்.”

ஐயா வந்து கோடியைப் பிடித்தார். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, சுப்பராயலு சீறினார்.

“தொய்யுது பாருங்க. இழுத்துப் பிடிங்க ஐயா. நாட்டையே பிடிச்சீங்களாம், இத்தப் பிடிக்க முடியல?”

ஐயா சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனையோ பேர் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். எல்லாரையும் திட்டுகிற மாதிரி அவரையும் ஒருவர் திட்டியது அவருக்கு இனித்திருக்க வேண்டும். வாசலில் நின்ற அகல்யா முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, கட்டிவைத்த பாத்திரங்களை அவிழ்க்க உள்ளே போனாள்.

ஜெயம் மட்டும் மாறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் ஐயாவைக் கண்டால் முகம் திரும்பும். திரும்பட்டுமே, ஐயா நடக்கிற தெரு நேராகத்தான் இருக்கிறது.

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. ஆரணிக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் கடையோடு திரும்பாமல் அவரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள். சால்வையெல்லாம் வேண்டாம், வைக்க இடமில்லை என்று அகல்யா திட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுங்கள், போதும்.