எண்ணெய்த் துண்டும் வேன் கண்ணாடியும்

வெள்ளிக்கிழமை காலை 6.15. தென்காசி மண்டப வாசலிலிருந்து வேன் கிளம்பியது. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் என் தங்கை மகளுக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்ற வேண்டும். தாய்மாமன் நான் இல்லாமல் தட்டைத் தொட மாட்டார்கள். "அதுக்குள்ள அருவியில தலையக் காட்டிட்டு வந்துருவோம்" என்று உறவினர் பன்னிரண்டு பேர் புறப்பட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தருவி சுமார் பத்து கிலோமீட்டர்தான். சீசன் கூட்டத்தில் ஊர்ந்து 7.10-க்குச் சேர்ந்தோம். எண்ணெய் தேய்க்காமல் குற்றாலத்தில் யார் குளிக்கிறார்கள்? கடையில் நல்லெண்ணெய் முப்பது ரூபாய், ஷாம்பு பாக்கெட் இரண்டு ரூபாய். ஷாம்பு மூன்று வாங்கினேன், ஒன்றுதான் செலவானது.

9.20. ஈரத் தலைகளோடு எல்லோரும் ஏறி, சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். இரண்டே நிமிடத்தில் முன் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பழைய வேன். என்ஜின் எனக்கும் டிரைவர் முருகனுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. என் கால் வெந்தது. அந்தச் சூட்டில் துளிகூடக் கண்ணாடிக்குப் போகவில்லை.

"அண்ணாச்சி, துண்டு இருந்தாக் குடுங்க" என்றார் முருகன்.

கொடுத்தேன். எண்ணெய் தேய்த்த கையைத் துடைத்த துண்டு அது என்பது, அவர் கண்ணாடி முழுக்க இழுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எதிரே வந்த பஸ் மஞ்சள் பூசணிக்காய்போலத் தெரிந்தது. முருகன் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடிக்கும் எண்ணெய்க் குளியலா?"

பின்னால் ஒரே சிரிப்பு. மணி 9.40.

மாடசாமி சித்தப்பா முன்னால் எட்டிப் பார்த்தார். பழைய சின்ன விமானங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். "பிளேன்லயும் இதே கததாம்லே. சைலன்சர் குழாயச் சுத்தித் தகரம் இருக்கும். அதுல சூடாகுத காத்துதான் உள்ள வரும். பைலட்டுக்கு முட்டி வேகும், கண்ணாடிக்கு லேசா ஒரு ஊதல்தான். குழாயில கீறல் விழுந்தா புகையும் சேந்து வந்துரும். மணமே தெரியாது, ஆளு தூங்கிட்டே..."

"தொடைக்க வழி சொல்லுங்க மாமா" என்றாள் என் மனைவி.

"அவசரப்பட்டா எப்படிம்மா? குளிர் ஊர்ல பிளேன் நிக்கும்போது..."

விமானம் அவர் வாயில் நின்றுகொண்டே இருந்தது. மணி 9.50. மண்டபத்தில் தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஜன்னலத் தொறங்க எல்லாரும்!"

கத்தியது நான்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். சட்டைப் பையில் இருந்த ஷாம்பு பாக்கெட்டில் ஒன்றைப் பல்லால் கிழித்து, கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்து, மனைவியின் பையிலிருந்த காய்ந்த புடவையால் துடைத்தேன். எண்ணெய் போயிற்று. ஷாம்பு பூசிய கண்ணாடியில் ஆவியும் திரும்பப் படியவில்லை.

"நிச்சயத்துக்கு உடுத்த வச்சிருந்த சேலைங்க அது" என்றாள் மனைவி. சேலையை அவள் மடியில் வைத்துவிட்டு முருகனைக் கிளம்பச் சொன்னேன்.

10.21-க்கு மண்டபம். திறந்த ஜன்னலில் அடித்த சாரலில் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு தட்டை வாங்கினேன். தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா மணக்குதண்ணே" என்றாள்.

மாலை சிவகிரிக்குப் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊரில் கண்ணாடிக்குத் தூசிதான் எதிரி. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். தென்காசி தாண்டும் முன் சாரல் பிடித்தது, ஜன்னல்கள் சாத்தப்பட்டன, முன் கண்ணாடி வெளுத்தது. டிரைவர் துணியைத் தேடினார். முன் சீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். அவர் தலையில் எண்ணெய் மின்னியது.

நான் எழுந்து போய் மிச்சமிருந்த பாக்கெட்டைக் கொடுத்தேன்.