வேலை இல்லாத வாடகைக்காரன்

எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம் என்கிற வேலை என்னுடையது. லேப்டாப் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஓர் ஊர் என்று நாலைந்து நகரங்களில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டேன். எந்த ஊரிலும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மனதில் நிற்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. திருவொற்றியூருக்கு வந்ததுகூடக் கடல் பக்கம், வாடகை குறைச்சல் என்றுதான்.

மாடியில் நான், கீழே வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் வேலை என்றால் ஷிப்டுக்குக் கிளம்பிப் போவது. நானோ பகலெல்லாம் லுங்கியோடு மாடியிலேயே கிடந்தேன். கீழிருந்து அடிக்கடி மீன் குழம்பு வந்தது. நல்ல மனிதர்கள் என்று நினைத்து, வெட்கமில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே இறங்கினேன்.

"நாளைக்குக் காலீல மணலி கன்டெய்னர் யார்டுக்குப் போ நைனா. கிளார்க்கு வேல. பேசி வச்சிகீறேன். எத்தினி நாளு வூட்லயே குந்திகினு இருப்ப?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை.

"எங்க புள்ளைக்குக் கேட்டு வாங்குன எடம்பா அது. ஆறு மாசமா அவன் சும்மாதான் கீறான். ஊரு வுட்டு ஊரு வந்து கஷ்டப்படுறியேன்னு உனக்குக் குடுத்துட்டாரு."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த மகன் தலை நிமிரவில்லை. வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது என்று எவ்வளவோ சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டு மறுக்கிறேன் என்றே அவர் நினைத்தார்.

வேறு வழியில்லாமல் அவரை மாடிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தேன். லேப்டாப்பைத் திறந்தால், அன்றைய ஆபீஸ் மீட்டிங் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. தாமதமாக வந்ததற்கு வெளிநாட்டு மேனேஜர் திரையில் தோன்றி என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் நன்றாகவே புரிந்தது.

"இம்மாந் திட்டு வாங்குற. அப்ப நெஜமாவே வேலதான்" என்று எழுந்தார். படி இறங்கும்போதே யார்டுக்குப் போன் போட்டு, மகனே வருவான் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மகன் கிளம்பினான். தெரு திரும்பும்வரை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது, சந்தோஷமாகவும்கூட. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதற்கு முன் நான் இருந்த ஊரில், கூடுதல் வாடகை தருகிற எனக்காக ஒரு குடும்பத்தையே காலி செய்ய வைத்ததாகப் புரோக்கர் பெருமையாகச் சொன்னார். அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்கக்கூட இல்லை.